பெட்டியில் இல்லை கோளாறு!

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அஞ்சறைப் பெட்டியைவிடக் கொஞ்சம் சிறியது. முன்னால் இரண்டே இரண்டு திருகுகள், பின்னால் ஒயர் செருக நாலைந்து துளைகள். கரண்ட் ஒயரே கிடையாது. இதை வைத்துக்கொள்வதா, இல்லை இதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் விலையுள்ள இன்னொன்றை வாங்குவதா என்று எங்கள் வீட்டில் இரண்டு மாதம் பட்டிமன்றம் நடந்தது. "பாட்டுப் பெட்டி சமாசாரமெல்லாம் ஆண்கள் பாடு, நமக்கென்ன?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சகோதரிகளே! நானும் முதலில் அப்படித்தான் இருந்தேன்.

நாங்கள் இருப்பது புதுச்சேரி சாரத்தில், காமராஜர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில். மாமனார், மாமியார், நாங்கள் இருவர், நாலு வயதுப் பெண், ஏழு மாதப் பையன், ஆக ஆறு பேர். மாமாவுக்கு 74 வயசு. முப்பது வருஷத்துக்கு மேல் பஞ்சாலையில் தறி ஓட்டினவர். ஆலைத் தொழிலாளி என்பதில் அவருக்கு அலாதிப் பெருமை. 1936 ஜூலை 30-ல் இந்த ஊரில் ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிரை விட்டதையும், அதையடுத்து இங்கே எட்டு மணி நேர வேலை சட்டமானதையும் யார் வந்தாலும் சொல்லுவார். அவருடைய அப்பா சொல்லக் கேட்டதாம்.

மாமாவுக்கு இன்னொரு பெருமை அவருடைய இசைத்தட்டுகள். அதிலும் நாதஸ்வரம் என்றால் உயிர். காருகுறிச்சி அருணாசலத்தின் தட்டுகளை ஆளுக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தால்கூடத் தொடவிடமாட்டார். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சியாரின் நாதஸ்வரமும் சேர்ந்து வருமே, அது ஒலிக்கும்போது வீட்டில் யாரும் மிக்ஸி போடக்கூடாது!

பிரான்ஸிலிருந்து வந்த சாமான்

வம்பு ஆரம்பித்தது சின்ன மாமனாரால். பிரான்ஸில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர், தன் சாமான்களோடு ஒரு பெரிய ஆம்ப்ளிஃபயரையும் இரண்டு ஸ்பீக்கர்களையும் கொண்டுவந்து, "அண்ணன் கேக்கட்டும்" என்று எங்கள் கூடத்தில் இறக்கிவிட்டார்.

வந்தது பவர் ஆம்ப்ளிஃபயர் மட்டும்தான். அதில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகே இல்லை. பாட்டு எங்கேயிருந்து வரவேண்டும், ரிக்கார்டா, ஸி.டி.யா என்று மாற்ற வழியும் இல்லை. அதற்கெல்லாம் முன்னால் ஒரு பெட்டி வேண்டுமாம். அதற்குப் பெயர் 'ப்ரீஆம்ப்'. அவர் வைத்திருந்தது பழுதாகிவிட்டதால் அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டார்.

இரண்டு தெரு தள்ளி ஒரு ரேடியோ மெக்கானிக் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் பழைய ரேடியோக்களை வாங்கிவந்து உயிர் கொடுப்பவர். நாங்கள் 'ரேடியோ அண்ணன்' என்றுதான் கூப்பிடுவோம். அவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். இவருக்கு அவர் சொன்ன கணக்கெல்லாம் புரிந்ததோ என்னவோ, நான் காபி கொண்டுபோய் வைத்துவிட்டு விழிப்பதைப் பார்த்து எனக்காக வேறு மாதிரி சொன்னார்.

"மாடியில தண்ணித் தொட்டி இருக்குதில்ல, தங்கச்சி? அதுலேருந்து வர்ற தண்ணிக்குக் குழாயைத் திறந்தா போதும், தானா வருது. அதிகமா வந்தா குழாயை மூடறோம். கிணத்துத் தண்ணின்னா? மோட்டார் போட்டுத் தூக்கணும். பாஸிவ் ப்ரீஆம்ப்ங்கறது வெறும் குழாய். வர்றதைக் குறைக்கும், ஒரு சொட்டுகூடக் கூட்டாது. அதனால கரண்ட் வேணாம். ஆக்டிவ் ப்ரீஆம்ப்ங்கறது குழாயோட மோட்டாரும் சேர்ந்தது. கரண்ட் வேணும், விலையும் ஜாஸ்தி."

"அப்போ நம்ம வீட்டுல இருக்கறது தொட்டியா, கிணறா?" என்றேன்.

அவருக்கு ஒரே சந்தோஷம். "அதான் கேள்வி!" என்று விளக்கினார். ஸி.டி. பிளேயர் மாடித் தொட்டி. அதிலிருந்து சுமார் 2 வோல்ட் வரும். பவர் ஆம்ப்ளிஃபயர் முழு பலத்தோடு பாட ஒன்று, ஒன்றரை வோல்ட்டே பெரும்பாலும் போதும். ஆக, அதைக் குறைத்துத்தான் கொடுக்கவேண்டும், கூட்டவே வேண்டாம். ரிக்கார்டு பிளேயரோ பாதாளக் கிணறு. அதன் ஊசியிலிருந்து வருவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஐந்து பங்குதான்! அதை நூறு மடங்கு தூக்கவேண்டும். அதோடு, தட்டில் பாட்டைப் பதியும்போது கனத்த சத்தத்தைக் குறைத்தும் மெல்லிய கீச்சுச் சத்தத்தைக் கூட்டியும் பதிகிறார்களாம். திரும்ப அதைச் சரிக்கட்டவும் வேண்டும். இதற்கென்றே 'ஃபோனோ' பெட்டி என்று ஒன்று தனியாக உண்டு. பாஸிவ் வாங்கினாலும் ஆக்டிவ் வாங்கினாலும் ரிக்கார்டு பிளேயருக்கு அது இல்லாமல் முடியாது. சில ஆக்டிவ் ப்ரீஆம்ப்களில் அது உள்ளேயே இருக்கும்.

ஃபோனோ பெட்டி மாமாவிடம் பழையது ஒன்று இருந்தது. ஆகவே முதலில் பாஸிவ் பெட்டியே போதும் என்று முடிவு செய்து, ரேடியோ அண்ணனே செய்து கொடுத்தார். மூவாயிரத்துக்குள் முடிந்தது.

"ஜால்ரா எங்கே போச்சு?"

மாமா உட்காரும் சாய்வு நாற்காலி வாசல் பக்கம். அவர் கைக்கெட்டும்படி அந்தச் சின்னப் பெட்டியை அங்கே வைத்து, கூடத்து மூலையில் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு இருபத்தைந்து அடி ஒயர் இழுத்தோம். முதல் நாள் கற்பூரம் காட்டாத குறை! காருகுறிச்சியார் எங்கள் கூடத்திலேயே உட்கார்ந்து வாசிப்பது போல இருந்தது.

மாமா முகத்தைச் சுளித்தார். "தவில் கேக்குது. நாயனம் கேக்குது. கூட தாளம் போடுவானே, அந்த ஜால்ரா எங்கே போச்சு? எல்லாம் போர்வை போத்தின மாதிரி இருக்கே."

அவ்வளவுதான். இவர் பிடித்துக்கொண்டார். "நான்தான் சொன்னேனே, பாஸிவ்ல மேல் சத்தம் அடிபடும்னு!"

அதிலும் நியாயம் இருந்தது என்று ரேடியோ அண்ணன் ஒப்புக்கொண்டார். குழாயிலிருந்து ரொம்ப தூரத்துக்கு ரப்பர் டியூப் மாட்டினால் வேகம் குறைகிற மாதிரி, பாஸிவ் பெட்டிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் ஒயர் நீளமானால், உயர்ந்த ஸ்தாயிச் சத்தம் கொஞ்சம் கரையுமாம். அதிலும் உள்ளே இருக்கும் வால்யூம் ஒரு லட்சம் ஓம் என்றால் இன்னும் அதிகம். அதைக் கழற்றிப் பத்தாயிரம் ஓம் வால்யூம் போட்டார். பெட்டியை ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்திலேயே வைத்து, மூன்றடி ஒயரோடு நிறுத்தினார்.

வைத்துக் கேட்டோம். எனக்கே வித்தியாசம் தெரிந்தது. 'ஜிங்... ஜிங்...' என்று ஜால்ரா பளிச்சென்று கேட்டது. மாமா தலையை ஆட்டினார். "இல்லையே!" என்று எழுந்துபோய் சத்தத்தைக் கூட்டினார். தூங்கிக்கொண்டிருந்த பையன் தூக்கிவாரிப் போட்டு அழ ஆரம்பித்தான். அவனைத் தூக்கிக்கொண்டு நான் கொல்லைப்பக்கம் போனேன். இப்படித்தான் தினமும்.

இவர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார், "ஆக்டிவ் வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். நாப்பதாயிரம் ஆகும். சீட்டுப் பணம் இருக்கில்ல?"

சீட்டுப் பணம் என்று சொன்னாரே, அது பையனின் காதுகுத்து விசேஷத்துக்காக நான் கட்டி எடுத்தது. எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும், "வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்களேன்" என்று மட்டும் சொன்னேன். புடவைகூட உடம்பில் வைத்துப் பார்க்காமல் வாங்குகிறோமா?

திரைக்குப் பின்னால் நான்

ரேடியோ அண்ணன் தனக்குத் தெரிந்தவரிடமிருந்து ஒரு நல்ல ஆக்டிவ் ப்ரீஆம்பை ஒரு வாரத்துக்கு வாங்கிவந்து கொடுத்தார். கொடுக்கும்போதே எச்சரித்தார், "ரெண்டையும் ஒரே சத்தத்துல வெச்சுத்தான் கேக்கணும். ஒண்ணு கடுகத்தனை கூடினாலும் அதுதான் நல்லா இருக்கற மாதிரி தோணும்." மனுஷக் காது அப்படி ஏமாறுமாம்.

செல்போனில் சத்தம் அளக்கும் வசதியைப் போட்டு இரண்டையும் ஒரே அளவுக்கு வைத்தோம். கூடத்துக்கும் அறைக்கும் நடுவில் புடவையைத் திரையாகக் கட்டி, பின்னால் நான் உட்கார்ந்து ஒயரை மாற்றி மாற்றிப் போட்டேன். இவர் எதிரே உட்கார்ந்து, "இது ஆக்டிவ்", "இது பாஸிவ்" என்று சொல்லவேண்டும். பத்துத் தடவையில் ஐந்து சரி, ஐந்து தப்பு! காசைச் சுண்டி பூவா தலையா பார்த்தாலும் அதே கணக்குத்தான் வந்திருக்கும். இவர் அசடு வழிந்தார். என் பெண் கைதட்டினாள்.

மாமா மட்டும் இரண்டுக்கும் ஒரே பதில்தான் சொன்னார். "ரெண்டுலயும் ஜால்ரா இல்லை."

அப்போதுதான் என் மனசில் ஏதோ இடித்தது. எனக்குக் கேட்கிறது. இவருக்குக் கேட்கிறது. நாலு வயதுக் குழந்தை அந்த 'ஜிங்'குக்குத் தகுந்தபடி தலையாட்டுகிறாள். மாமாவுக்கு மட்டும்...

மறுநாள் இவர் ஆபீஸ் போன பிறகு, பூஜை அலமாரியில் இருக்கும் மார்கழி பஜனை ஜால்ராவை எடுத்தேன். மாமா முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எட்டடி தள்ளி நின்று மெல்லத் தட்டினேன். அவர் அசையவில்லை. இன்னொரு தடவை தட்டினேன். திண்ணையில் விளையாடிக்கொண்டிருந்த பெண் ஓடிவந்தாள். மாமா பக்கத்தைப் புரட்டினார்.

என் கையில் இருந்தது இரண்டு பித்தளைத் தட்டு. அதில் ப்ரீஆம்பும் இல்லை, ஒயரும் இல்லை.

நான் கத்திய கத்தல்

அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். போன மாதம் நடந்தது ஞாபகம் வந்து தொண்டையை அடைத்தது. பையனைக் குளிப்பாட்டப் போகும்போது, "மாமா, குக்கர் மூணு விசில் வந்ததும் அணைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் பருப்பு அடிப்பிடித்து வீடெல்லாம் தீய்ந்த வாடை. மாமா பத்தடி தள்ளி நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். "சொன்னா கேக்கவே மாட்டீங்களா மாமா?" என்று நான் கத்திவிட்டேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏம்மா கத்தறே? எனக்கு என்ன செவிடா?" என்றார்.

குக்கர் விசிலும் கீச்சுச் சத்தம்தானே! அவர் 'கேட்கமாட்டார்' என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவருக்குக் 'கேட்காது' என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. என் பெண்கூடக் கொஞ்ச நாளாக, "தாத்தா கேக்கமாட்டாரு, நான் ஆயாகிட்டயே சொல்றேன்" என்று அவரிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டிருந்தாள்.

அத்தையிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "தறிக்கூடத்துல ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்காதாம். வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்குவாங்களாம். வீட்டுக்கு வந்தாலும் என் மூஞ்சியைப் பார்த்துத்தான் பேசுவாரு. ஆசையிலன்னு நினைச்சேன், போ!" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

டாக்டர் காட்டிய கோடு

மாமாவைக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "ப்ரீஆம்ப் வாங்கணும்னா உங்க காதையும் அளக்கணுமாம்" என்று ஒரு பொய் சொல்லித்தான் கோரிமேடு ஜிப்மருக்குக் காது டாக்டரிடம் அழைத்துப்போனோம். முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, கனத்த சத்தத்திலிருந்து கீச்சுச் சத்தம்வரை ஒவ்வொன்றாகக் கொடுத்து, கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அதை ஒரு கோடாக வரைந்து தந்தார்கள். கோடு முதலில் சமமாகப் போய், 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் போகும்போது திடீரென்று பள்ளத்தில் இறங்கியிருந்தது.

டாக்டர் சொன்னது இதுதான். நம் உள்காதில் நத்தைக்கூடு போன்ற ஒரு பாகம் இருக்கிறது. பிறக்கும்போது ஒவ்வொரு காதிலும் அதனுள் சுமார் 15,000 மெல்லிய மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. பெருஞ்சத்தம் வருஷக்கணக்கில் மோதினால் அவை மடிகின்றன. மடிந்தது திரும்ப முளைக்காது. கீச்சுச் சத்தத்தைக் கேட்கும் செல்கள்தான் முதலில் போகும். 85 டெசிபல் சத்தத்தில் நாளுக்கு எட்டு மணி நேரம் என்பது ஒரு எல்லைக்கோடு. அதற்கு மேல் 3 டெசிபல் கூடினால் நேரத்தைப் பாதியாக்கவேண்டும். தறிகள் ஓடும் கூடத்தில் 90-ஐத் தாண்டுவது சகஜம். எட்டு மணி நேர வேலை வாங்கித் தந்த பெருமையை மாமா சொல்லிக்கொண்டே இருந்தாரே, அந்த எட்டு மணி நேரத்தையும் அவர் காது கணக்கு வைத்துக்கொண்டே வந்திருக்கிறது!

"பேச்சுல உயிரெழுத்தெல்லாம் கனமான சத்தம். அது அவருக்குக் கேட்கும். ச, த, க மாதிரி மெய்யெழுத்துதான் நழுவும். அதனால பேசறது கேட்கும், என்னன்னு புரியாது. நீங்க கத்தினா கேட்கற சத்தம்தான் இன்னும் கூடும், தெளிவு கூடாது. இந்த மாதிரி காதுக்கு மெல்லிய சத்தம் கேட்காது, பெரிய சத்தம் சட்டுனு தாங்காது" என்றார் டாக்டர். 'ஏம்மா கத்தறே' என்பதற்கு அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இவர் விடவில்லை. வீட்டில் நடக்கும் ப்ரீஆம்ப் சண்டையை டாக்டரிடமே சொல்லிவிட்டார். டாக்டர் சிரித்துவிட்டார். "காது மெஷினும் ஆக்டிவ்தான் ஸார். இவருக்கு எந்த ஸ்தாயி கேட்கலையோ அதை மட்டும் தூக்கும், பெரிய சத்தம் வந்தா தானே அடக்கும். வீட்டுக்கு எதை வேணும்னாலும் வாங்குங்க. காதுக்கு இதை வாங்குங்க."

சீட்டுப் பணம் அதற்குத்தான் போயிற்று. "பேரன் காதுக்கு வெச்ச பணம் தாத்தா காதுக்குப் போச்சு" என்றார் அத்தை. காதுகுத்து அடுத்த வருஷம் வைத்துக்கொள்ளலாம். இரவல் ஆக்டிவ் பெட்டி திரும்பிப் போய்விட்டது. கரண்ட் இல்லாத சின்னப் பெட்டியே எங்களுக்கு நிலைத்தது.

மெஷின் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். முதல் வாரம் பாத்திரம் விழுந்தால் இடி விழுந்த மாதிரி துள்ளினார். "பேப்பர் மடிக்கற சத்தம்கூடத் தாங்கலை" என்று இரண்டு தடவை கழற்றி மேஜையில் வைத்தார். தினமும் ஒரு மணி, இரண்டு மணி என்று கூட்டிக்கொண்டே போனோம். இரண்டு முறை போய் அளவைச் சரிசெய்தோம். ஒன்றரை மாதம் ஆயிற்று.

ஒரு நாள் சாயங்காலம் தட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். வால்யூம் பாதிகூட இல்லை. பையன் பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். மாமா கையை உயர்த்தி என்னைக் கூப்பிட்டார். "ஜால்ரா தகரம் தட்டற மாதிரி இருக்கும்மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா இருக்கு" என்றார்.

உங்கள் வீட்டிலும் கவனியுங்கள்

பெட்டி வாங்குகிறவர்களுக்கு: ஸி.டி. பிளேயர் போல நல்ல பலத்தோடு சத்தம் தரும் சாமானும் மூன்று, நாலடி ஒயரும் என்றால் பாஸிவ் போதும். ஒயர் நீளமாகப் போகவேண்டும், பழைய டேப் போல பலம் குறைந்த சாமான், கனமும் கீச்சும் தனித்தனியே கூட்டிக் குறைக்கத் திருகு வேண்டும் என்றால் ஆக்டிவ். எதுவானாலும் இரவல் வாங்கி, ஒரே சத்தத்தில் வைத்துக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பெரியவர்கள் டி.வி.யை அலற வைக்கிறார்களா? குக்கர் விசில், செல்போன் மணி தெரியவில்லையா? 'என்ன?' என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்களா? பிடிவாதம் என்று சண்டை போடாமல் காது டாக்டரிடம் காட்டுங்கள். அவர்களிடம் பேசும்போது கத்தவேண்டாம். எதிரே வந்து, முகம் தெரிகிற மாதிரி, நிதானமாகப் பேசுங்கள். அடுப்படியில் திரும்பி நின்றுகொண்டு பேசினால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது.

கைக்குழந்தைக்காரர்களுக்கு: பிறந்த ஒரு மாதத்துக்குள் குழந்தைக்குக் கேட்கும் சக்தியைச் சோதித்துவிடுவது நல்லது. சந்தேகம் என்றால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்கவேண்டும். வீட்டில் கை நீட்டும் தூரத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தித்தான் பேசமுடிகிறது என்றால், அந்தச் சத்தம் குழந்தைக்கு ஆகாது. காதில் எண்ணெய் காய்ச்சி விடும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பெரியவர்களுக்கும் வேண்டாம், குழந்தைகளுக்கும் வேண்டாம்.

இப்போதெல்லாம் என் பெண் தாத்தாவின் மடியிலேயே உட்கார்ந்துகொண்டு ரகசியம் சொல்கிறாள். மெஷின் இருக்கும் காதில்தான் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என்ன சொல்கிறாள் என்று எங்களிடம் இருவருமே சொல்வதில்லை.